எபாக்சி தரை கெட்டால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கோவை, திருப்பூர் பக்கம் பட்டறைகளுக்கும் குடோன்களுக்கும் வீட்டு கார் ஷெட்டுகளுக்கும் எபாக்சி தரை போடுவது என் தொழில். ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு சரக்கைக் கலந்து கான்கிரீட் மேல் ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பூச்சுதான் எபாக்சி. புதிதாகப் போடக் கூப்பிடும் அளவுக்கு, போட்டுக் கெட்டதைப் பார்க்கவும் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பல இடங்களில் கெட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோட் அடித்திருப்பார்கள். அடியில் இருப்பது காயாமல் கிடந்தால் மேலே அடித்ததும் நிற்காது. ஒரு கோட் சுரண்டவேண்டிய இடத்தில் இரண்டு கோட் சுரண்டவேண்டி வரும், அவ்வளவுதான். காரணம் தெரியும்வரை மேலே எதையும் பூசாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கோளாறு எங்கே இருக்கிறது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். பகலில் கண்ணுக்குப் படாத மேடு, குழி, துளை எல்லாம் நிழல் விழுந்து தெரியும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கெட் எங்கே ஊற்றியது, எத்தனை மணிக்கு ஊற்றியது என்று வேலை செய்தவர்களைக் கேட்டு வட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். காலி டப்பாக்களைத் தூக்கிப் போடவேண்டாம். லேபிளில் உள்ள கலவை விகிதம், பேட்ச் எண், தயாரித்த மாதம் மூன்றும் பின்னால் தேவைப்படும்.

## ஒரு நாள் ஆகியும் தரை பிசுபிசுக்கிறது

நம் ஊர் வெப்பத்தில், 28 முதல் 32 டிகிரிக்குள், சாதாரண எபாக்சி 24 மணி நேரத்தில் நடக்கும் அளவுக்கு இறுகிவிடும். முழுப்பலம் வர 7 நாள். 24 மணி நேரம் கழித்துக் கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிகிறது என்றால் ஏதோ தவறியிருக்கிறது. குளிர்காலமாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். அதற்கு மேல் காத்திருப்பதில் பலன் இல்லை.

### சில இடங்களில் மட்டும், கோடாகவோ வளையமாகவோ

இதுதான் நான் அதிகம் பார்ப்பது. பீளமேடு பக்கம் ஒரு பம்ப் பட்டறையில் தரை முழுக்கக் கண்ணாடிபோல் இருந்தது. நடுவில் வரிசையாக எட்டு இடத்தில் மட்டும் செருப்பு ஒட்டியது. டார்ச் அடித்தால் எட்டும் வட்டம், பக்கெட் வாய் அளவு. ஊற்றி முடித்ததும் மிச்சம் வீணாகக்கூடாது என்று ஒவ்வொரு பக்கெட்டையும் தரையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பக்கெட்டின் சுவரிலும் அடி மூலையிலும் ஒட்டியிருப்பது ஹார்டனரோடு சரியாகச் சேராத ரெசின். அது வழிந்த இடம் எத்தனை மாதமானாலும் காயாது.

இதற்குச் செலவு கம்மி. புட்டி பிளேடால் மெத்தென்று இருப்பதை மொத்தமாகச் சுரண்டி எடுங்கள். மிச்சமுள்ள பிசினை அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். ஜன்னல், ஷட்டர் திறந்திருக்கவேண்டும். பீடி, வெல்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது. சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டியான பகுதியை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசி எடுத்து, புதுக் கலவை ஊற்றுங்கள்.

அடுத்த முறைக்கு: ரெசின் டப்பாவின் அடியில் பவுடர் படிந்திருக்கும், ஹார்டனர் சேர்க்கும் முன்பே அதைத் தனியாகக் கிளறிவிடுங்கள். ஹார்டனர் ஊற்றியபின் மெதுவாகச் சுற்றும் மிக்சரில், நிமிடத்துக்கு 300 முதல் 400 சுற்று வேகத்தில், 3 நிமிடம் கலக்கவேண்டும். நடுவே ஒருமுறை நிறுத்திச் சுவரையும் அடியையும் வழியுங்கள். பிறகு முழுவதையும் சுத்தமான இன்னொரு பக்கெட்டுக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். இந்த இரண்டாவது பக்கெட் வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் பக்கெட்டின் சுவரில் ஒட்டியது அங்கேயே தங்கிவிடுவதால், தரைக்கு வருவது முழுக்கக் கலந்ததாக இருக்கும்.

### ஒரு பக்கெட் ஊற்றிய பரப்பளவுக்கு

சாக்பீஸ் குறிப்பில் ஒரே ஒரு பக்கெட்டின் பரப்பு மட்டும் மெத்தென்று இருந்தால், அளவு தப்பியிருக்கிறது. டப்பாவை முழுதாகக் கலந்தீர்களா, பாதி பாதியாகப் பிரித்தீர்களா என்று முதலில் கேளுங்கள். பிரித்திருந்தால் தராசில் நிறுத்தார்களா, மக்கில் அளந்தார்களா?

லேபிளில் 2:1 என்று எடை விகிதம் போட்டிருக்கும். வேலை செய்பவர் மக்கில் இரண்டுக்கு ஒன்று அளப்பார். பவுடர் கலந்த ரெசின் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ வரை இருக்கும், ஹார்டனர் ஏறக்குறைய ஒரு கிலோதான். 2 லிட்டர் ரெசின் 3 கிலோ. அதற்கு ஒன்றரைக் கிலோ ஹார்டனர் போகவேண்டும். மக்கில் அளந்தவர் ஒரு கிலோதான் ஊற்றியிருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது.

சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவதும் இதே தவறுதான். சிமெண்டுக்குத் தண்ணீர் சேர்ப்பதுபோல இங்கே கூட்டிக் குறைக்க முடியாது. ஒவ்வொரு பங்கு ரெசினும் தனக்கு வேண்டிய அளவு ஹார்டனரைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் காயாமல் உள்ளேயே கிடந்து தரையை மெத்தென்றும் தண்ணீருக்குத் தாங்காமலும் ஆக்கும்.

அளவு தப்பியதை மேலே எதைப் பூசியும் திருத்த முடியாது. ஹார்டனரைத் தனியாக மேலே தடவும் ஒரு வழக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பரப்பு முழுவதையும் பெயர்த்து எடுத்து, பிரைமரில் (கான்கிரீட் மேல் முதலில் அடிக்கும் கோட்) இருந்து மறுபடி ஆரம்பிக்கவேண்டும்.

### தரை முழுக்க ஒரே மாதிரி

குளிரா என்று முதலில் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான எபாக்சி வேலை செய்வதை நிறுத்திவிடும். சமவெளியில் இந்தப் பிரச்சினை இல்லை. ஊட்டி, குன்னூர் பக்கம் மார்கழி, தை ராத்திரியில் இது நடக்கும். அங்கே தரையின் வெப்பத்தை அளக்கவேண்டும், காற்றை மட்டும் அளந்தால் போதாது. கான்கிரீட் காற்றைவிடக் குளிர்ந்திருக்கலாம். கதவைச் சாத்தி எலெக்ட்ரிக் ஹீட்டர் வைத்துச் சூடாக்கினால் நின்றுபோனது மறுபடி இறுகத் தொடங்கும். கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் வேண்டாம். அவற்றின் புகையால் வரும் கெடுதல் அடுத்த தலைப்பில் இருக்கிறது.

குளிர் இல்லை என்றால், தின்னர் கலந்தார்களா என்று கேளுங்கள். டிரவல் (சரக்கை இழுத்துப் பரப்பும் தகடு) சுலபமாக ஓடட்டும் என்று ஊற்றிவிடுவார்கள். கனமான கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட தின்னர் வெளியே வர வழியில்லாமல் வாரக்கணக்கில் தரையை இளக்கமாகவே வைத்திருக்கும். அதுவும் இல்லை என்றால் டப்பாக்களைப் பாருங்கள். பிரைமரின் ஹார்டனர் டாப்கோட்டுக்கும் (கடைசியாக மேலே அடிக்கும் கோட்), டாப்கோட்டின் ஹார்டனர் பிரைமருக்கும் மாறிப்போவது அவசர வேலையில் சகஜம்.

ஒரு சதுரம், அதாவது 100 சதுர அடி வரை என்றால் நீங்களே சுரண்டலாம். அதற்கு மேல் முழுத்தளமும் மெத்தென்று இருந்தால் ஸ்கிரேப்பர் மெஷின் உள்ளவரைக் கூப்பிடுங்கள். காயாத எபாக்சியில் கிரைண்டரை வைத்தால் வைரக்கல் பிசினால் அடைத்துக்கொண்டு உருளுமே தவிர எதையும் எடுக்காது. ஒரு முக்கியமான விஷயம்: காயாத ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் போகாது. நைட்ரைல் கையுறை இல்லாமல் ஆளை வேலைக்கு இறக்காதீர்கள்.

## தரை இறுகிவிட்டது, ஆனால் வெள்ளை பூத்து வழவழக்கிறது

காலையில் வந்து பார்த்தால் பளபளப்பு போய், பால் தெளித்ததுபோல் திட்டுத் திட்டாக வெளிறியிருக்கும். கையால் தடவினால் சோப்பு தடவியதுபோல் இருக்கும். இரவில் காற்றிலிருந்த ஈரமும் கரியமில வாயுவும் மேலே இருந்த ஹார்டனரோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய மெழுகுப் படலம் அது. கரி அடுப்பு வேண்டாம் என்றது இதனால்தான்.

சோதனை எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்து, ஒரு முழம் சதுரத்தை ஸ்கிராட்ச் பேடால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். வழவழப்பு போய், கீழே தரை கெட்டியாக இருந்தால் பிழைத்தீர்கள். முழுத்தளத்தையும் அதேபோல் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, காயவிட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து ஒரு டாப்கோட் அடித்தால் போதும். வரிசை மாறக்கூடாது. கழுவும் முன் தேய்த்தால் அந்த மெழுகை உப்புத்தாள் தரைக்குள்ளேயே அழுத்திவிடும். தின்னரால் துடைத்தாலும் பரவுமே தவிரப் போகாது. அது தண்ணீரில்தான் கரையும். கழுவாமல் மேலே கோட் அடித்தால் சில வாரத்தில் தாள்போல் உரிந்து வரும்.

கழுவியும் வெள்ளை போகவில்லை, சொட்டுச் சொட்டாகக் குழியோடு இருக்கிறது என்றால் மேலே நிமிர்ந்து பாருங்கள். தகரக் கூரைக் கொட்டகையில் மார்கழிப் பனி தகரத்தின் அடியில் வேர்த்து விடியற்காலையில் சொட்டும். ஈரமாக இருந்த எபாக்சியில் விழுந்த அந்தச் சொட்டைக் கழுவி எடுக்க முடியாது, தேய்த்துத்தான் எடுக்கவேண்டும்.

இது வராமல் இருக்க ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரையின் வெப்பம் பனிநிலையைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் வேர்த்துத் தண்ணீராகத் தொடங்கும் வெப்பத்தைவிட, 3 டிகிரியாவது மேலே இருக்கவேண்டும். பனிநிலையைத் தோராயமாகப் பார்க்க, ஈரப்பதம் 100இலிருந்து எத்தனை 5 குறைகிறதோ அத்தனை டிகிரியைக் காற்றின் வெப்பத்திலிருந்து கழியுங்கள். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை 25. தரை 28க்குக் கீழே இருந்தால் வேலையை நிறுத்துங்கள். ஈரப்பதம் 85ஐத் தாண்டினால் தரையை அளக்கவே வேண்டாம், டப்பாவைத் திறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் சென்னைக் கடற்கரைப் பக்கமும் இந்த எல்லையை அடிக்கடி தொடவேண்டி வரும். வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. ஒரு பக்கெட் எபாக்சியின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

## ஊசித்துளைகள், குமிழிகள்

### சிறு குமிழி, தரை முழுக்கச் சமமாக

மிக்சர் அதிக வேகத்தில் ஓடிக் காற்றை உள்ளே இழுத்திருக்கிறது, அல்லது ஸ்பைக் ரோலர் (குமிழியை உடைக்கும் முள் உருளை) ஓட்டவில்லை, அல்லது தாமதமாக ஓட்டியிருக்கிறார்கள். ஊற்றிப் பரப்பிய 10 முதல் 20 நிமிடத்துக்குள் ஸ்பைக் ரோலர் போகவேண்டும். எபாக்சி கெட்டியாகத் தொடங்கியபின் ஓட்டினால் முள் பதிந்த தடமே நிற்கும்.

### துளை ஒரே பகுதியில் கூட்டமாக, அடியில் கான்கிரீட் தெரிகிறது

இது கீழேயிருந்து வந்த காற்று. கான்கிரீட் நிறையத் துளை உள்ளது. வெயில் ஏற ஏற அதற்குள் இருக்கும் காற்று விரிந்து எபாக்சியைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். ஷட்டருக்குப் பக்கத்தில், வெயில் விழும் பட்டையில் மட்டும் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காரணம் அதுதான். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு ஊற்ற ஆரம்பித்தால் இது நிச்சயம். அந்த மாதங்களில் நான் நாலு மணிக்கு மேல், தரை சூடு இறங்கத் தொடங்கிய பிறகுதான் ஊற்றுகிறேன். சூடு இறங்கும்போது கான்கிரீட் காற்றை உள்ளே இழுக்கும், எபாக்சியும் நன்றாகப் பிடிக்கும். மார்கழியில் இதே சாயங்காலம் பனியில் கொண்டுபோய் விடும், அப்போது நடுப்பகலில் முடித்துவிடவேண்டும். ஒரே நேரம் வருஷம் முழுக்க ஒத்துவராது.

வெயில் இல்லாத இடத்திலும் துளை இருந்தால் பிரைமர் போதவில்லை. பிரைமர் காய்ந்ததும் தரை ஒரே மாதிரி மினுமினுக்கவேண்டும். அங்கங்கே மங்கலாகத் தெரிந்தால் அந்த இடம் பிரைமரைக் குடித்துவிட்டது. அங்கே இரண்டாம் கோட் பிரைமர் தேவை. பழைய தரை, கையால் பூசிய சிமெண்ட் தரை எல்லாம் பெரும்பாலும் இரண்டு கோட் கேட்கும்.

துளையை மூடும் முறையில்தான் பலர் மறுபடி ஏமாறுகிறார்கள். மேலே இன்னொரு லெவலிங் கோட் (தானே பரவி மட்டமாகும் கோட்) ஊற்றினால் துளைக்குள் இருக்கும் காற்று மறுபடி மேலே வந்து அதே இடத்தில் அதே துளை நிற்கும். தரையை உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சி புட்டியைப் பிளேடால் அழுத்தி வழித்துத் துளைக்குள் இறக்குங்கள். சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல ஒரு பக்கம் இழுத்து, குறுக்கே இன்னொருமுறை இழுக்கவேண்டும். அது இறுகியபிறகு தேய்த்து டாப்கோட் அடியுங்கள்.

## வட்டக் குழி, நடுவில் எபாக்சி விலகி நிற்கிறது

தோசைக்கல்லில் எண்ணெய் அதிகமானால் மாவு விலகுமே, அதுபோல. ரோலர் போன பத்து நிமிடத்தில் வட்ட வட்டமாகத் திறந்துகொள்ளும். தொழிலில் ஃபிஷ் ஐ என்பார்கள். அங்கே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது.

சின்னக் காரணத்திலிருந்து வாருங்கள். தூசி ஊத கம்ப்ரசர் பயன்படுத்தினார்களா? அந்தக் காற்றோடு எண்ணெய்த் துளி வந்திருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் கம்ப்ரசர் காற்றை ஒரு நிமிடம் அடித்தால் கறை தெரியும். ஷட்டர் சுலபமாக ஓட யாராவது சிலிக்கான் ஸ்பிரே அடித்தார்களா? வியர்வையும் தலை எண்ணெயும் சொட்டியதா? இதெல்லாம் மேலோட்டமானது. இறுகியபின் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஓரத்தில் ஒரு முழம் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள்.

லேத் பட்டறை, நிட்டிங் மெஷின் ஓடிய இடம், மெக்கானிக் ஷெட் என்றால் எண்ணெய் கான்கிரீட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும். வெறும் கான்கிரீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துபோல் உருண்டு நின்றால் எண்ணெய். ஹாட் ஏர் கன் காட்டினால் கறுப்பாகக் கசிந்து மேலே வரும். டிகிரீசர் போட்டு இரண்டு மூன்று முறை கழுவியும் கசிவு நிற்கவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுக் கான்கிரீட் போட்டு 28 நாள் கழித்துப் பூசுவதா, எண்ணெய்த் தரைக்கென்றே வரும் பிரைமர் தாங்குமா என்பதை அனுபவமுள்ள அப்ளிகேட்டர் நேரில் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

## அலை, டிரவல் கோடு, ஜாயிண்ட் தடம்

செல்ஃப் லெவலிங் என்ற பெயரை நம்பித் தரையின் மேடு பள்ளத்தையும் அதுவே சமன் செய்துகொள்ளும் என்று நினைக்கிறார்கள். அது தன் டிரவல் தடத்தைத் தானே மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். கான்கிரீட்டில் உள்ள பள்ளத்தை முன்பே எபாக்சி மோர்ட்டாரால் நிரப்பியிருக்கவேண்டும்.

தடம் மூடவில்லை என்றால் முதலில் அளவைக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுரத்துக்கு 1 மி.மீ. கனம் வேண்டுமென்றால் 9.3 லிட்டர் போகும். 2 மி.மீ. என்றால் 18.6 லிட்டர், பவுடர் கலந்த சரக்கில் 28 கிலோவுக்குப் பக்கம். 15 கிலோவை ஒரு சதுரத்துக்கு இழுத்திருந்தால் அது ஓடி மட்டமாக அங்கே சரக்கே இல்லை.

அடுத்தது நேரம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பக்கெட்டில் தாக்குப்பிடிக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். லேபிளில் 25 டிகிரிக்கு 30 நிமிடம் என்று இருந்தால், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் 15 நிமிடம்கூடக் கிடைக்காது. பக்கெட்டில் மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே வெந்து புகைய ஆரம்பிக்கும். கலந்த உடனே தரையில் ரிப்பன்போல் நீளமாக ஊற்றிவிடவேண்டும், பரந்து கிடந்தால் சூடு ஏறாது. சூடேறிப் புகையும் பக்கெட்டில் கையை விடாமல் வெளியே திறந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஜாயிண்ட் தடம் ஆள் பற்றாக்குறை. ஒருவர் கலக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் இழுக்க, ஒருவர் ஸ்பைக் ரோலர் ஓட்ட என்று நாலு பேர் இருந்தால்தான் முந்திய பக்கெட்டின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்தது வந்து சேரும். டீ குடிக்கப் போகும் இடைவெளி தரையில் கோடாக விழுந்துவிடும். லேசான கோட்டை 80இல் தேய்த்து மேலே மெல்லிய டாப்கோட் அடித்து மறைக்கலாம். தரை முழுக்க அலை என்றால் தேய்த்துவிட்டு இன்னொரு முழு லெவலிங் கோட்தான். அதற்கு முன் அடியில் எல்லாம் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தூசி, பூச்சி விழுந்து மணல்மணலாக இருப்பதும் இதே ரகம். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் நாட்களில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஜன்னல் சந்துக்கெல்லாம் டேப் ஒட்டாமல் ஊற்றாதீர்கள். ஊற்றும்போது வெளிச்சம் குறைவாக வையுங்கள், விட்டில் வராது.

## உரிந்து வருகிறது

உரிந்த சில்லு ஒன்றைக் கையில் எடுங்கள். மேல்பக்கம் எதுவும் சொல்லாது; அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். உரிதலைப் பொறுத்தவரை இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

### அடியில் சாம்பல் பவுடர், விரலில் ஒட்டுகிறது

சிமெண்ட் பால். கான்கிரீட் போட்டபோது மேலே மிதந்து வந்து காய்ந்த பலமில்லாத ஏடு. எபாக்சி அந்த ஏட்டைப் பிடித்திருக்கிறது, ஏடு கான்கிரீட்டைப் பிடிக்கவில்லை. கிரைண்டிங் செய்யாமல் கழுவிவிட்டுப் பூசினால் இப்படித்தான் ஆகும்.

### அடி சுத்தமாக, வழுவழுப்பாக, கண்ணாடிபோல்

கான்கிரீட் பிடிமானமில்லாத அளவுக்கு மழமழப்பாக இருந்திருக்கிறது. கான்கிரீட்டின் மிச்சத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, மெஷின் போட்டு மெருகேற்றிய விடிஎஃப் தரைகளில் இது அதிகம். பூசும்போது ஈரம் இருந்திருந்தாலும் இப்படி வரும். வைரக்கல் கிரைண்டர் ஓட்டியபின் தரையைத் தடவினால் நைஸ் உப்புத்தாளைத் தடவுவதுபோல் சொரசொரப்பு இருக்கவேண்டும். ஆசிட் கழுவலை நான் நம்புவதில்லை. சமமாக அரிக்காது, தரையை நனைத்துவிடும், அலசாத ஆசிட் உள்ளே தங்கிவிடும்.

### அடியிலும் எபாக்சி நிறமே இருக்கிறது

இரண்டு கோட்டுக்கு நடுவே பிரிந்திருக்கிறது. முதல் கோட் முழுசாக இறுகியபின், தேய்க்காமல் அடுத்ததை அடித்திருக்கிறார்கள். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் அடித்தால் ஒன்றோடொன்று சேரும், தாண்டினால் தேய்த்தே ஆகவேண்டும். லேபிளில் அந்தந்தச் சரக்குக்கான நேரம் இருக்கும். வெள்ளை பூப்பதைப் பற்றிய தலைப்பில் சொன்ன மெழுகுப் படலமும் இதே பிரிவைத்தான் உண்டாக்கும்.

### அடியில் கனமாகக் கான்கிரீட்டே பெயர்ந்து வந்திருக்கிறது

எபாக்சி தன் வேலையைச் செய்திருக்கிறது. கீழே இருப்பது பலமில்லை. இது உங்கள் கையில் இல்லை. தரையில் உலோக வில்லையை ஒட்டி இழுத்துப் பார்க்கும் சோதனை செய்பவரைக் கூப்பிடுங்கள். சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டனாவது தாங்கவேண்டும். தாங்காத தரையில் எந்தக் கம்பெனிச் சரக்கும் நிற்காது.

உரியாத இடத்தையும் நம்பிவிடவேண்டாம். பத்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்கவேண்டிய இடத்தில் ‘டொப்’ என்று பொக்கையாகக் கேட்டால் அங்கும் விட்டிருக்கிறது. சத்தம் கெட்டியாகும் இடம் வரை சாக்பீஸ் கோடு போட்டு, அதுவரை வெட்டி எடுத்துத்தான் ஒட்டுப் போடவேண்டும். உரிந்த ஓரத்தோடு நிறுத்தினால் ஒட்டுப் போட்டதைச் சுற்றி அடுத்த வருஷம் உரியும்.

கார் ஷெட்டில் டயர் நிற்கும் நாலு இடத்தில் மட்டும் உரிகிறது என்றால், ஓடிவந்த டயரின் சூடு மெல்லிய கோட்டை இளக்கி இழுத்திருக்கிறது. 7 நாள் முடியும் முன் காரை ஏற்றினீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

## மாதங்கள் கழித்துக் கொப்புளம், உள்ளே தண்ணீர்

இந்த அறிகுறியைக் கண்டால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும், ஏனென்றால் செலவைக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். காலணா முதல் உள்ளங்கை வரை அளவில் கெட்டியாக உப்பியிருக்கும். ஊசியால் குத்தினால் தண்ணீர் பீய்ச்சும். சில நேரம் பழுப்பாக, பிசுக்காக, வாடையோடு இருக்கும். கீழேயிருந்து ஓதம் ஏறி, எபாக்சியின் அடியில் சேர்ந்து தள்ளுகிறது. ஊசி குத்தும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், கண்ணில் தெறிக்கும்.

சுலபமானதை முதலில் பாருங்கள். பக்கத்தில் சம்ப், பாத்ரூம், தோட்டத்துக் குழாய் இருக்கிறதா? ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மீட்டரையோ தொட்டி மட்டத்தையோ குறித்துவைத்து, காலையில் பாருங்கள். ஒரு வீட்டில் கொப்புளம் எல்லாம் சுவரோரம் மூன்றடிக்குள்ளேயே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்கு விடும் குழாயின் எல்போ கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, ஒரு மாதம் உலரவிட்டு, அந்தப் பட்டையை மட்டும் திரும்பப் போட்டதோடு முடிந்தது.

கசிவு இல்லை, கொப்புளம் தளம் முழுக்கப் பரவியிருக்கிறது என்றால் கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் ஷீட் போடாமல் விட்டிருப்பார்கள். காவிரிப் படுகையிலும் கடலோரத்திலும் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் இடங்களில் இது பெரிய தலைவலி. எபாக்சியை எடுத்த ஒரு இடத்தில் 45 செ.மீ. சதுரப் பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவையுங்கள். வெயில் படும் இடம் வேண்டாம். திறக்கும்போது ஷீட்டின் அடியில் வேர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. ஆனால் காய்ந்திருந்தால் மட்டும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேல்பகுதி உலர்ந்து ஆழத்தில் ஈரம் இருக்கலாம். கான்கிரீட்டில் துளை போட்டு ஈரப்பதம் அளப்பவரை அழைத்து எண்ணைக் கையில் வாங்குங்கள். சாதாரண எபாக்சிக்குப் பலரும் 75 சதவீதத்தை எல்லையாக வைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் முழுவதையும் எடுத்து, ஈரத்தைத் தடுக்கும் தனி எபாக்சி பிரைமர் போட்டு மறுபடி ஆரம்பிக்கவேண்டும். அதன் கனமும் கோட் எண்ணிக்கையும் அளந்த ஈரத்தைப் பொறுத்தவை, கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

கொப்புளத்தைக் குத்திவிட்டு ஊசி போட்டு ரெசின் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால், ஈரத்தை அளந்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

## மஞ்சளாகிறது, வெளிறுகிறது

வெயில் படும் இடத்தில் எபாக்சி மஞ்சளாகும், நாளாக நாளாகப் பவுடராக வெளிறும். கலவையிலோ வேலையிலோ தவறில்லை, அதன் இயல்பு அது. தரை கெட்டியாக இருந்தால் கழுவி, தேய்த்து, வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் டாப்கோட் ஒன்று அடியுங்கள். ஷட்டரிலிருந்து வெயில் எதுவரை விழுகிறது என்று பார்த்து அதுவரை மட்டும் அடித்தால் நிறம் இரண்டாகத் தெரியும். கான்கிரீட் ஜாயிண்ட் எங்கே வருகிறதோ அதுவரை கொண்டுபோய் நிறுத்துங்கள், கண்ணை உறுத்தாது.